நெல்லாய்ப் போய் அரிசியாய் வருவது

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே அவர்கள் என்னிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் எழுதுவதாயின் அது மருதத்திணையின் சிறப்பாகவோ ஆறுமுக நாவலரின் வசனநடையாகவோ இருத்தல் வேண்டும் என்பது நம்மிடையே நிலவும் எழுதாச் சட்டம். ஆயினும் இம்முறை நான் எழுதப் புகுந்தது, நம் ஊரில் வேலையின்மை என்னும் குறையைப் பற்றியும், இங்கே முதலிட விரும்பி வந்த ஒருவனை நாம் எவ்வாறு வரவேற்று எவ்வாறு வழியனுப்பினோம் என்பதைப் பற்றியுமாகும். பொருளியல் நான் கற்றதில்லை. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் இரண்டாண்டு பயின்று பெற்ற பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழே என் கைமுதல். பொருளியல் கற்ற பழைய மாணவர் இதிற் காணும் பிழைகளைப் பொறுத்தருள்வாராக.

நம் ஊர் என்று நான் குறிப்பது பரந்தன் சந்தியையும் அதனைச் சூழ்ந்த குடியேற்றக் கிராமங்களையும். கண்டி வீதி நடுவே செல்ல, கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே பூநகரிக்கும் வீதிகள் பிரியும் இடம் அது. புகையிரதப் பாதையும் அருகே உண்டு. தெற்கே இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள். வடக்கே சில மைல் சென்றால் ஆனையிறவு உப்பளம். பண்டை நாளில் உமணர் என்போர் உப்பை வண்டியில் ஏற்றிக் காடும் மேடும் கடந்து சென்று நெல்லுக்கு மாறினர் என்று வகுப்பிற் கற்பிக்கிறேன். அத்துணைத் தொலைவு நடந்து அவர்கள் தேடிய இரண்டு பொருளும் நம் ஊரில் ஒரே பகற்பொழுதில் துவிச்சக்கர வண்டியிற் சென்று பார்த்து வரத்தக்க தூரத்தில் இருக்கின்றன. இருந்தும் நம் இளைஞர் வேலை தேடிக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகின்றனர்.

இவ்வூரின் பொருத்தத்தை முதலிற் கண்டுகொண்டவர் நாமல்லர். சுதந்திரத்தின் பின் முதல் அமைச்சரவையிற் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சராக விளங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் பெயரோடு சேர்த்தே காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும், வாழைச்சேனைக் கடதாசி ஆலையும், பரந்தன் இரசாயன ஆலையும் இன்றும் பேசப்படுகின்றன. பரந்தன் ஆலையின் தொழில் கேட்பதற்கு எளியது. ஆனையிறவு உப்பை நீரிற் கரைத்து, அக்கரைசலில் மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஒருபுறம் கோஸ்டிக் சோடாவும் மறுபுறம் குளோரீன் வாயுவும் கிடைக்கும். முன்னையது சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் வேண்டியது. பின்னையது குடிநீரைத் தூய்மை செய்ய வேண்டியது. உப்பு அருகே, புகையிரதம் அருகே, நிலம் தாராளம் என்ற கணக்கு 1950களில் யாரோ ஒருவரால் ஒரு தாளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அக்கணக்குப் பிழைக்கவில்லை.

என் தந்தையார் அவ்வாலையில் உப்புக் கரைசற் பகுதியிற் பணியாற்றினார். நான் அறிந்த பருவத்தில் அவருடைய சட்டைகளெல்லாம் சிறு சிறு துளைகள் கொண்டவையாகவே இருந்தன. திரவம் தெறித்த இடம் துணி நைந்துவிடும். அம்மா அவற்றுக்கு ஒட்டுப் போட்டுத் தைப்பார். துளையில்லாத சட்டை ஒன்று கோயிலுக்கென்று பெட்டியில் இருந்தது. தந்தையாரின் சம்பளம் எம் வீட்டோடு நின்றுவிடவில்லை என்பதை மிகப் பிற்காலத்திலேதான் உணர்ந்தேன். ஆலைக்கு முன்னால் இருந்த தேநீர்க்கடை, சைக்கிள் திருத்துபவர், வெளியூர் உத்தியோகத்தருக்குச் சாப்பாடு கொடுத்த அம்மையார், சம்பள நாளன்று மீன் கொண்டுவரும் பூநகரி வியாபாரி என்று எத்தனையோ பேரின் அடுப்பு அந்த ஆலையின் நெருப்பால் எரிந்தது. 1980களின் நடுப்பகுதியிற் போர்ச் சூழலால் ஆலை நின்றபோது அவர்களும் ஒவ்வொருவராக மறைந்தனர்.

1996 இல் இடம்பெயர்ந்தோம், மீண்டோம், 2008 இல் மறுபடியும் இடம்பெயர்ந்தோம். அவற்றை இம்மலரின் வாசகர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2010 இல் மீளக் குடியேறிய பின் ஒரு மாலை தந்தையாரை அழைத்துச் சென்று அவ்வாலையின் இடிபாட்டைக் காட்டினேன். துருப்பிடித்த இரும்பும் கூரையில்லாச் சுவருமாக நின்றது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அவரோ பற்றைகளுக்குள் இறங்கி நடந்து, ஓர் இடத்தில் நின்று, "இதிலதான் தம்பி நான் சாப்பாட்டுப் பெட்டி வைக்கிறனான்" என்றார். அவ்வளவுதான். அவர் இன்று இல்லை.

அக்கூட்டுத்தாபனத்தின் வழிவந்த நிறுவனம் போருக்குப் பின்னும் குளோரீனை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் குடிநீர் வழங்கலுக்கு விற்று வந்தது. பெயரிலே பரந்தன், பொருளிலே பிறநாடு. 2025 இல் அரசு, காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்றிடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஆனையிறவில் மேசையுப்பு உற்பத்தி ஆலை ஒன்றும் திறக்கப்பட்டது. அவ்வுப்புப் பைக்கு 'ரஜ லுணு' என்று பெயரிட்டமை பற்றி எழுந்த வாதத்தை யாவரும் அறிவர். தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கும் பெயரில் அக்கறை உண்டு. 'ஆனையிறவு உப்பு' என்பதே வாய்க்கு ருசியாகவும் இருக்கிறது. எனினும் பெயரைப் பற்றி என்னோடு அரைமணி நேரம் வாதிட்ட ஒருவரிடம், அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு நாட்கூலியா மாதச் சம்பளமா என்று கேட்டேன். அவர் அறிந்திருக்கவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை.

வேலை என்பதைப் பற்றி என் எண்ணத்தைத் திருத்தியவள் என்னிடம் கற்ற ஒரு மாணவி. போருக்குப் பின் கிளிநொச்சிப் பகுதியில் ஆடைத் தொழிற்சாலைகள் தோன்றின. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசளிப்பு விழா மேடையில் நான், நம் பெண்கள் கல்வியைக் கைவிட்டு ஊசிக்கும் நூலுக்கும் அடிமைகளாகின்றனர் என்று எதுகை மோனையோடு முழங்கினேன். கைதட்டல் நன்றாகவே கிடைத்தது. மறுவாரம் சந்தையில் அப்பெண்ணைக் கண்டேன். உயர்தரத்திற் தமிழ்ப் பாடத்தில் வகுப்பிலே முதல்வியாக இருந்தவள். பல்கலைக்கழகத்துக்குச் சிறிதளவே குறைந்த புள்ளி. இரண்டாம் முறை எழுதுமாறு நான் பலமுறை வற்புறுத்தியவள். தொழிற்சாலையின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"சேர், நீங்கள் மேடையில கதைச்சதைத் தங்கச்சி வந்து சொன்னவள்" என்றாள். "நல்லாத்தான் கதைச்சிருக்கிறியள். ஆனா எங்கட வீட்டுக் கூரை அந்தக் காசு. அம்மா எடுத்த நுண்கடன் கட்டி முடிச்சதும் அந்தக் காசு."

அவள் சினந்து பேசவில்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது. தந்தையாரின் துளைச் சட்டையை உடுத்து வளர்ந்தவன், மற்றொருத்தியின் கழுத்து அட்டையை மேடையில் இகழ்ந்தேன். அன்று தொடக்கம் அப்பேச்சை நான் பேசுவதில்லை. ஆயினும் ஆடைத் தொழிற்சாலையே போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். துணி கடல் கடந்து வருகிறது. தைத்த ஆடை கடல் கடந்து போகிறது. நம் ஊரில் தங்குவது தைத்த கூலி ஒன்றே. கூலி பெரிது, அதை நான் இப்போது அறிவேன். ஆனால் நம் மண்ணில் விளைவதைக் கொண்டு நம் ஊரிலே செய்யும் தொழிலாயின் தங்குவது இன்னும் அதிகம். இதனை எனக்குக் கற்பித்தவன் என் நண்பன்.

அவன் என்னோடு இக்கல்லூரியிற் பயின்றவன். பெயரைச் சொல்ல அவன் இசையான். கனடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு இங்கே ஓர் அரிசி ஆலையும், அதனோடு அரிசிமா வறுத்துப் பொதி செய்யும் பகுதியும் அமைக்க எண்ணி வந்தான். கடிதத்தில் அவன் எழுதிய ஒரு வசனம் என் மனத்தில் தைத்தது: நம் நெல் நெல்லாய்ப் போய் அரிசியாய் வருகிறது. உண்மைதான். காலபோக அறுவடை தொடங்கியதும் தென்பகுதி ஆலைகளுக்கு நெல் கொள்வோரின் லொறிகள் வயல் வரம்பிலே நிற்கும். அறுவடை இயந்திரம் ஈர நெல்லைக் கொட்ட, அது அப்படியே லொறியில் ஏறும். பின்னர் அது பொலனறுவைப் பக்கத்து ஆலையில் அரிசியாகிப் பையில் அடைபட்டு நம் சந்திக் கடைக்குத் திரும்பி வரும். விதைத்தவன் அதனை விலை கொடுத்து வாங்குவான்.

நெல் போகும்போது நெல் மட்டும் போவதில்லை என்றும் அவன் விளக்கினான். உமி போகிறது; அது கொதிகலனுக்கு விறகு. தவிடு போகிறது, அது மாட்டுக்குத் தீன், எண்ணெய்க்கு மூலம். குறுணல் போகிறது, அது கோழிக்கும் மாவுக்கும். ஊறவைத்தல், அவித்தல், உலர்த்தல், குற்றுதல், புடைத்தல், தைத்தல் என்ற அத்தனை கைகளின் வேலையும் போகிறது. இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தும் எனக்குத் தோன்றாத கணக்கு இது.

அவன் வரும் செய்தி பரவியதும் நாங்கள் ஒரு வரவேற்புக் குழு அமைத்தோம். செயலாளன் நான். பொதுநோக்கு மண்டபம் தோரணங்களால் அலங்கரிக்கப்பட்டது. நாதசுரம் உண்டு, பொன்னாடை மூன்று உண்டு. வரவேற்பு மடலை நானே இயற்றி, கண்ணாடிச் சட்டமிட்டு வைத்திருந்தேன். அதிற் பாரியையும் குமணனையும் தாண்டி அவன் சென்றுவிட்டான். கமக்காரர் அமைப்பின் தலைவர், சனசமூக நிலையத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, ஓய்வுபெற்ற அதிபர் இருவர் எனப் பதினொருவர் பேசினர். ஒன்பது மணிக்குத் தொடங்கிய கூட்டம் ஒன்றரைக்கு முடிந்தது. மாலைகளின் பாரத்தோடு எழுந்த நண்பன், நன்றி கூறிய பின் நான்கு கேள்விகள் கேட்டான். மோட்டர் எரிந்தாற் கொயில் கட்டத் தெரிந்தவர் ஊரில் யார்? மூன்று கட்ட மின்சாரம் எந்த வீதி வரை வந்திருக்கிறது? காலை ஏழு மணிக்கு, அறுவடைக் காலத்திலும் திருவிழாக் காலத்திலும், ஒழுங்காக வேலைக்கு வரக்கூடியவர் எத்தனை பேர்? நெல்லை உலர்த்தி மூன்று மாதம் வைத்து விற்க இசையும் கமக்காரர் எத்தனை பேர்?

மண்டபம் மௌனமாயிற்று. பின்னர் ஒருவர் எழுந்து, "தம்பி, அதெல்லாம் பிறகு பாப்பம், முதல் நீங்கள் தொடங்குங்கோ" என்றார். மற்றவர் கைதட்டினர்.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் சொன்னான்: "மச்சான், மடல் நல்லாயிருக்கு. ரொறன்ரோவில சுவரில மாட்டுவன். ஆனா கொயில் கட்டுற ஆளை நீ தேடியிருக்கலாம்."

நிலத்தின் கதை இன்னும் நீண்டது. பெரியவர் ஒருவர் வீதியோரத்தில் இரண்டு ஏக்கரை மனமுவந்து தர முன்வந்தார். கடதாசியைப் பார்த்தால் அது அனுமதிப்பத்திரக் காணி. நம் பகுதியின் குடியேற்றக் காணிகளிற் பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அவற்றை நினைத்தவாறு விற்கவோ பிரிக்கவோ ஈடுவைக்கவோ இயலாது. அரச அதிகாரியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். ஏழைக் குடியானவன் கடன்காரனிடம் தன் நிலத்தை இழந்துவிடாதிருத்தற்கு இட்ட வேலி அது. அவ்வேலி பல குடும்பங்களைக் காத்தது என்பதை மறுப்பவன் நானல்லன். எம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஆனால் அவ்வேலிக்குள்ளே ஆலை கட்டுதல் அரிது. வங்கி முகாமையாளர் பத்திரத்தைக் கையால் தொடாமலே தலையசைத்தார்.

உறுதிக் காணி ஒன்றைக் கண்டுபிடித்தபோது அதற்கு மூன்று உரிமையாளர். ஒருவர் நோர்வேயில், ஒருவர் எங்கென்று தெரியாது. நெல் ஊறவைத்த நீர் நாறும் என்பதால் அரிசி ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், அது நியாயமே. அதற்கு ஓர் அலுவலகத்திற் கேட்டோம். இன்னோர் அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்றனர். அங்கே சென்றோம், முன்னைய அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்றனர். பாடசாலை விடுமுறையில் நான்கு நாட்கள் இவ்வாறு கழிந்தன. இரு கந்தோரிலும் எங்களை அன்பாகவே நடத்தினர். ஓரிடத்தில் தேநீரும் தந்தனர்.

இதனிடையே நண்பன் கமக்காரரோடு தனித்தனியே பேசியிருந்தான். அங்கேதான் பெருந்தடை இருந்தது. பசளைக்கும் உழவுக்கும் பட்ட கடனை அறுவடை நாளிலேயே தீர்க்க வேண்டியவர் நெல்லை வீட்டில் வைத்திருக்க மாட்டார். கடன் கொடுத்தவரும் நெல் கொள்பவரும் பலவேளை ஒருவரே. ஆலை வைப்பவன் இரண்டு மாதத்துக்குள் முழு ஆண்டுக்குமான நெல்லைக் கைக்காசு கொடுத்து வாங்கி, உலர்த்தி, களஞ்சியப்படுத்தல் வேண்டும். "மில் போடுற காசு என்னட்டை இருக்கு. நெல் வாங்கி வைக்கிற காசுதான் காணாது" என்றான் அவன். இயந்திரமே முதலீடு என்று எண்ணியிருந்த எனக்கு, களஞ்சியத்திற் கிடக்கும் நெல்லும் முதலீடே என்பது அன்றுதான் புலப்பட்டது.

அவன் திரும்பிச் சென்றான். பின்னர் வவுனியாவில் முன்பே இயங்கிவந்த ஓர் ஆலையிற் பங்காளியானதாக எழுதினான். சென்ற ஆண்டு அவன் அனுப்பிய அரிசிமாப் பை ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. பிட்டு நன்றாக அவிந்தது. மனைவி பையைத் திருப்பிப் பார்த்து, "இது எங்கட பக்கத்து நெல்லாத்தான் இருக்கும்" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை.

இப்போது நான் செய்துவருவதைக் கூறி முடிக்கிறேன். உயர்தர மாணவர் இருவரைத் துணைக்கொண்டு, விடுமுறை நாட்களில் ஐந்து கிராமங்களை வீடு வீடாக நடந்து ஒரு சீ.ஆர். கொப்பியிற் குறித்து வருகிறேன். மின்சாரம் எதுவரை, நன்னீர்க் கிணறு எது, உவர்க் கிணறு எது, உறுதிக் காணி எது, யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும் என்பனவே குறிப்புகள். நடந்தபோது கண்ட ஒன்று: அறுவடை இயந்திரம் ஓட்டும் இளைஞர் நம்மிடையே பலர், அது பழுதானாலோ திருத்துபவர் வவுனியாவிலிருந்து வருகிறார், வயலில் நெல் காத்துக் கிடக்கிறது. அறிவியல்நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் நம் வாசலில் இருந்தும், அங்கே என்ன பயிற்றுகிறார்கள் என்று பத்து வீட்டில் ஒரு வீட்டாரே அறிவர். மற்றையோருக்கு மருத்துவம், பொறியியல், இல்லாவிடில் வெளிநாடு. இதில் ஆசிரியர்களாகிய எங்கள் பங்கு பெரிது. கொயில் கட்டத் தெரிந்த ஒருவரையும் கண்டோம். பொதுநோக்கு மண்டபத்துக்கு மூன்றாம் வீடு. அன்று கூட்டத்துக்குப் பந்தல் போட்டவரும் அவரே. மோட்டரைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கொப்பியின் பிரதி ஒன்றை நண்பனுக்கு அனுப்பினேன். நெல் உலர்த்தும் களமும் களஞ்சியமும் மட்டும் முதலில் நம் ஊரில் அமைத்து, வவுனியா ஆலைக்கு இங்கிருந்தே உலர்ந்த நெல் அனுப்பலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறான். ஆலையன்று, பத்துப் பேருக்கு வேலை வரலாம். வலயங்கள் வரும்போது வரட்டும். அவற்றை நான் வேண்டாமென்பவனல்லன். வருங்காலத்தில் இரசாயன ஆலை மீண்டும் எழுமாயின், அதன் கழிவு எங்கே போகும் என்று கேட்பதற்கும் அங்கே வேலை செய்யத் தகுதி பெறுவதற்கும் இப்போதே ஆயத்தமாயிருக்கலாம்.

ஆதலின் இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்க்கு என் விண்ணப்பம் இது. பரந்தன் சுற்றாடலில் வீதியோரமாக, உரிமையாளர் யாவரும் கையொப்பமிடக்கூடிய உறுதிக் காணி ஓர் ஏக்கர் அளவில் எவரிடமேனும் இருப்பின் எனக்கு அறிவியுங்கள். நெல் உலர்த்தும் இயந்திரத்தில் அநுபவம் உள்ள பொறியியலாளரும் எழுதலாம். நண்பன் தைப்பொங்கலுக்கு வருகிறான். பொங்கலுக்கு மறுநாள் மாலை நான்கு மணிக்கு என் வீட்டுத் திண்ணையிற் கூடுவதாக ஏற்பாடு. கொயில் கட்டுபவர் வருகிறார். கடன் விபரத்தை ஒளியாது சொல்ல இசைந்த கமக்காரர் ஆறு பேர் வருகின்றனர். அடையாள அட்டை அணிந்த என் மாணவியும், கணக்கு எழுதத் தெரிந்தவள் என்ற முறையில், வருகிறாள். மாலை இல்லை, மடல் இல்லை. தேநீர் உண்டு.